போர் பற்றிக் கட்சி பிளந்தால் எதை எண்ணுவது?
வெளிநாட்டுப் போரில் தலைவர் எடுத்த நிலைப்பாட்டால் கட்சி பிளந்தது என்று செய்தி வந்தால், நான் பேட்டிகளை ஒதுக்கிவிட்டு வாக்குப் பட்டியலைத்தான் எடுப்பேன். முதலில் கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சிக் கட்டளை, இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். இதை விட்டால் மொத்தக் கணக்கும் தப்பாகிவிடும்.

பிரிட்டனின் தொழிற்கட்சியைப் பாருங்கள். 2003 மார்ச் 18 அன்று, இராக் போருக்கான காரணம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்று அரசின் போர்த் தீர்மானத்துக்கு வந்த திருத்தத்தை அக்கட்சியின் 139 எம்.பி.க்கள், அப்போதைய பிரதமரும் கட்சித் தலைவருமான பிளேரின் கொறடா உத்தரவை மீறி ஆதரித்தார்கள். 2015 டிசம்பர் 2 அன்று சிரியாவில் வான்தாக்குதல் நடத்துவது பற்றிய வாக்கெடுப்பில் 66 பேர் அதை ஆதரித்து, அப்போதைய தலைவர் கோர்பினுக்கு எதிராக வாக்களித்தார்கள். ஆனால் அன்று அவர் மனச்சாட்சிப்படி வாக்களிக்க விட்டிருந்தார். அந்த 66 பேரைக் கிளர்ச்சியாளர்கள் என்று நான் முதலில் எழுதிவைத்து, பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டேன்.

அதே நாளில் வேறு வாக்கெடுப்பு நடந்ததா என்றும் தேடுங்கள். 2003-இல் திருத்தம் தோற்றபின், போர்த் தீர்மானத்தை எதிர்த்த தொழிற்கட்சியினர் 84 பேர்தான்.

பிறகு பதவி விலகல் தேதிகள். இராக் போரை எதிர்த்த அமைச்சர் ராபின் குக் வாக்கெடுப்புக்கு முந்தைய நாளே அமைச்சரவையை விட்டுப் போனார். இன்னொரு அமைச்சர் கிளேர் ஷார்ட் மே மாதம்தான் விலகினார். இருவரையும் ஒரே வரியில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.