மேவன் பில்டுக்குள்ள வெப் சர்வர் டெஸ்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேவன்ங்கறது ஜாவா ப்ராஜெக்ட்டை பில்ட் பண்ற டூல், என்ன எப்படி பண்ணணும்னு அதுக்கு சொல்றது போம் ஃபைல் (pom.xml). டீம்ல புதுசா சேர்றவங்களோட போம் ஃபைலை ரிவ்யூ பண்ணும்போதெல்லாம் நாங்க ஆரம்பத்துல பண்ணின அதே தப்புங்க தான் திரும்ப வருது, அதான் எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். நமக்கு வேண்டியது என்ன, மாட்யூல் பில்ட் ஆகறப்பவே ஜெட்டியோ டாம்கேட்டோ, எந்த வெப் சர்வரோ அது தானா எழும்பணும், ஹெச்டிடிபி டெஸ்ட் ஓடணும், முடிஞ்சதும் சர்வர் இறங்கணும், டெஸ்ட் தோத்தா பில்டும் தோக்கணும். எக்ஸ்எம்எல் டேகை மூடாம விடறது, டிபென்டன்சி பேர்ல எழுத்துப்பிழை, இதுக்கெல்லாம் மேவனே எர்ரர் போட்டு நிறுத்திடும், அத நான் சொல்லவேண்டியதில்ல. மேவன் ஒண்ணுமே சொல்லாம விட்டுடற தப்புங்க தான் இங்க.

வெரிஃபை கோலை விட்டுடறது

இன்னைக்கும் எனக்கு கோவம் வர்ற விஷயம் இது. மேவன்ல ஒவ்வொரு ப்ளகினும் செய்யற ஒரு வேலைக்கு கோல்னு பேர், பில்டோட ஒவ்வொரு கட்டத்துக்கு ஃபேஸ்னு பேர். யூனிட் டெஸ்ட்டை ஓட்டற ஷூர்ஃபயர் ப்ளகின், ஒரு டெஸ்ட் தோத்தா அங்கேயே பில்டை நிறுத்திடும். சர்வர் டெஸ்ட்டுக்கு அது ஒத்து வராது, ஏன்னா அங்க நின்னுட்டா சர்வரை இறக்கற போஸ்ட் இன்டக்ரேஷன் டெஸ்ட்ங்கற ஃபேஸ் வரவே வராது, தனி ப்ராசஸா எழுப்பின டாம்கேட்டோ டாக்கர் கன்டெய்னரோ யாரும் இறக்காம அப்படியே ஓடிட்டிருக்கும். அதுக்காகத்தான் சர்வர் டெஸ்ட்டை ஓட்டற ஃபெயில்சேஃப் ப்ளகின் வேலையை ரெண்டா பிரிச்சிருக்கு. இன்டக்ரேஷன் டெஸ்ட் கோல் டெஸ்ட்டை ஓட்டி ரிசல்ட்டை ஒரு சம்மரி ஃபைல்ல எழுதி வச்சிட்டு போயிடும், தோல்வி இருந்தாலும் பில்டை நிறுத்தாது. சர்வர் இறங்கினதுக்கு அப்புறம் வெரிஃபை கோல் வந்து அந்த ஃபைலைப் படிச்சுதான் பில்டை தோக்கடிக்கும்.

இப்ப போம்ல ஃபெயில்சேஃபோட எக்சிக்யூஷன் பகுதில முதல் கோலை மட்டும் எழுதிட்டு ரெண்டாவதை விட்டுட்டா என்ன ஆகும்? டெஸ்ட் ஓடும், தோக்கும், லாக் நடுவுல தோத்த கணக்கு கூட வரும், ஆனா கடைசி வரில பில்ட் சக்சஸ். லாகை மேல வரைக்கும் யார் ஏறி படிக்கறா?

ஒரு ப்ராஜெக்ட்ல லாகின் பக்கத்தோட டெஸ்ட் வாரக்கணக்கா தோத்துட்டே இருந்திருக்கு, பில்டை தானா ஓட்டற சிஐ சர்வரான ஜென்கின்ஸ் பச்சையாவே காட்டிட்டு இருந்திருக்கு, ரிலீஸ் போனதுக்கு அப்புறம் கஸ்டமர் ஃபோன் பண்ணித்தான் எங்களுக்கே தெரிஞ்சது. போதாக்குறைக்கு ஜென்கின்ஸ்ல டெஸ்ட் ரிப்போர்ட் பாதை ஷூர்ஃபயர் ஃபோல்டரை மட்டும் காட்டிட்டு இருந்தது, ஃபெயில்சேஃப் ரிப்போர்ட் இருக்கற ஃபோல்டரை யாரும் சேர்க்கல. அன்னைக்கு ராத்திரி முழுக்க உக்காந்து தேடின டீமுக்கு தேவைப்பட்டது கடைசில போம்ல ஒரே ஒரு வரி.

இது ஏன் இவ்ளோ பேருக்கு நடக்குதுன்னா, ஸ்ப்ரிங் பூட்டோட ஸ்டார்ட்டர் பேரன்ட் (மத்த போம் எல்லாம் செட்டிங்கை எடுத்துக்கற தாய் போம்) ரெண்டு கோலையும் முன்னாடியே கட்டி வச்சிருக்கு, ப்ளகின் பேரை மட்டும் எழுதினா போதும். அதுலயே பழகினவங்க வேற பேரன்ட் இருக்கற ப்ராஜெக்ட்டுக்கு வரும்போது அங்கயும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சிடறாங்க. இன்னொரு வகையும் இருக்கு, பேரன்ட் போம்ல ப்ளகின் மேனேஜ்மென்ட்டுக்குள்ள (செட்டிங் மட்டும் இருக்கும், ப்ளகின் தானா ஓடாது) மட்டும் ஃபெயில்சேஃபை எழுதிட்டு மாட்யூல்ல அதை கூப்பிடாமலே விட்டுடறது, அப்ப ஒரு டெஸ்ட் கூட ஓடாது, பில்ட் மட்டும் பாஸ்.

அதனால தயவுசெஞ்சு இத பண்ணுங்க: செட்டப் முடிஞ்ச கையோட ஒரு டெஸ்ட்டை வேணும்னே உடைச்சு பில்ட் ஓட்டுங்க. பில்ட் தோக்கலைன்னா உங்க செட்டப் இன்னும் முடியல.

கமாண்டை இன்டக்ரேஷன் டெஸ்ட்டோட நிறுத்தறது

அங்க நிறுத்தினா சர்வரை இறக்கற ஃபேஸும் வெரிஃபையும் வராது, அதனால எப்பவும் mvn verifyனு வெரிஃபை வரைக்கும் ஓட்டுங்க.

கிளாஸ் பேர்

பேர் டெஸ்ட்னு முடிஞ்சா ஷூர்ஃபயர் தூக்கிட்டு போயிடும், அப்ப சர்வரே எழும்பியிருக்காது, கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்னு வரும், உடனே எல்லாரும் ஜெட்டி கான்ஃபிகை போட்டு நோண்டுவாங்க. கிளாஸ் பேர் கடைசில ஐ, டி ரெண்டு எழுத்தையும் பெருசா போட்டு முடிங்க, ஃபெயில்சேஃப் எடுத்துக்கும்.

8080

சர்வரோட போர்ட்டை 8080னு நேரா எழுதாதீங்க. ஒரே சிஐ மெஷின்ல ரெண்டு பில்ட் ஓடினா ஒண்ணு அடிபடும்ங்கறது எல்லாருக்கும் தெரியும், ஆனா அத விட மோசம், உங்க டெஸ்ட் பக்கத்து பில்டோட சர்வர்கிட்ட பேசி பாஸ் ஆகிடறது, அந்த பாஸை வச்சுக்கிட்டு ஒண்ணும் நம்ப முடியாது. பில்ட் ஹெல்பர் ப்ளகின்ல காலி போர்ட் எடுத்துக் குடுக்கற கோல் இருக்கு. அது குடுக்கற நம்பரை சர்வருக்கும் குடுங்க, சிஸ்டம் ப்ராப்பர்ட்டியா ஃபெயில்சேஃபுக்கும் குடுங்க.

ஸ்லீப் போட்டு காத்திருக்கறது

சர்வர் எழும்பட்டும்னு ஸ்லீப் போட வேண்டாம். சர்வர் தயாரான்னு சொல்ற ஹெல்த் யூஆர்எல்லை விட்டு விட்டு கேளுங்க, 200 வந்தா டெஸ்ட்டை ஆரம்பிங்க, ஒரு டைம் லிமிட்டுக்குள்ள வரலைன்னா பில்டை தோக்கடிங்க.

ஸ்கிப் டெஸ்ட்ஸ்

டெஸ்ட்டை ஓட்டாம விடச் சொல்ற இந்த ஃப்ளாக் (skipTests) ஃபெயில்சேஃபையும் சேர்த்து நிறுத்திடும். அவசரத்துக்கு சர்வர் டெஸ்ட் மட்டும் வேண்டாம்னா அதுக்கு ஸ்கிப் ஐடிஸ்னு (skipITs) தனி ஃப்ளாக் இருக்கு, அதையும் உங்க மெஷினோட நிறுத்திக்கங்க, சிஐ ஸ்கிரிப்ட்ல போடாதீங்க.