கேம்பஸ் வீடு: "குடும்பம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும், மாணவர்களுக்கு வளாகத்தில் அறையும் வீடும் ஒதுக்கும் ஹவுசிங் கவுன்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறேன். ஆட்கள்தான் புதியவர்கள். எங்கள் காலத்தில் நாங்கள் சொதப்பிய அதே இடங்களில் இவர்களும் சொல்லிவைத்தாற்போல் சொதப்புகிறார்கள். சாவியைத் தொலைப்பது, முன்பணம் கட்ட மறப்பது எல்லாம் ஒரு தடவை பட்டால் தெரிந்துவிடும், விடுங்கள். பொது ஹாஸ்டல் அறையைத் தாண்டிய சிறப்பு ஒதுக்கீடுகளில் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

குடும்பக் குடியிருப்புக்குக் கடைசி நேரத்தில் மனுப் போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். திருமணமான ஆய்வு மாணவர் முதலில் தனியாக வருவார். "இப்போதைக்கு ஒற்றை அறை போதும், அவர்கள் வரும்போது மாறிக்கொள்ளலாம்" என்று கல்வியாண்டு முழுமைக்குமான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். படித்துப் பார்த்தாரா என்றால், இல்லை.

அப்படி ஒருவர் விமான டிக்கெட் அச்சுத்தாளைக் கவுன்டரில் விரித்து வைத்தார். மனைவி பெயர், அதன் கீழே குழந்தையின் பெயர், பக்கத்தில் 'இன்ஃபன்ட்'. அடுத்த வாரம் வந்து இறங்குகிறார்கள். குடும்ப வீட்டுக்கு அவர் விண்ணப்பித்ததோ அன்று காலையில். "கைக்குழந்தை சார், கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க" என்றார். வரிசையில் அவருக்கு முன்னால் இருந்தவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்குக் குழந்தை இருந்தது.

குடும்ப வீடுகள் பெரும்பாலான வளாகங்களில் தேவையைவிடக் குறைவு. விண்ணப்பம் பதிவான தேதிதான் பெரும்பாலும் வரிசையை முடிவு செய்யும், உங்கள் அவசரம் அல்ல. ஒற்றை அறையில் மூன்று பேர் தங்க முடியாது. விருந்தினர் என்றால் சில இரவுகள்தான் விடுவார்கள். ஒப்பந்தத்தை முறிக்கலாமே என்றால், படிப்பை முடித்தவர், விட்டவர், மருத்துவக் காரணம் உள்ளவர் என்று ஒரு சிறிய பட்டியல் இருக்கும். 'குடும்பம் வந்துவிட்டது' அதில் இருப்பது அபூர்வம். வளாகத்துக்குள்ளேயே வேறு வீட்டுக்கு மாறினால் பல இடங்களில் விடுவிப்பார்கள், ஆனால் அந்த வீடு முதலில் கையில் கிடைக்க வேண்டுமே! இவர் வெளியே வீடு எடுத்தார். அவருடைய அறையை ஏற்றுக்கொள்ள வேறொரு மாணவர் கிடைக்கும்வரை இரண்டு இடத்துக்கும் வாடகை கட்டினார்.

இத்தனைக்கும் தீர்வு சின்னது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே, குடும்பம் எப்போது வரும் என்று தெரியாவிட்டாலும், குடியேற உத்தேசத் தேதி ஒன்றைப் போட்டு விண்ணப்பியுங்கள். கூடவே இரண்டு கேள்வி கேளுங்கள்: முறை வரும்போது வீட்டை வேண்டாமென்றால் வரிசையில் என் இடம் போய்விடுமா? ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பிறகு எத்தனை நாளில் காலி செய்ய வேண்டும்? இரண்டாவது கேள்வியை யாருமே கேட்பதில்லை. பிறகு குழந்தையின் பள்ளி ஆண்டு பாதியில் இருக்கும்போது வந்து நிற்பார்கள். திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும், தேவைப்பட்டால் மொழிபெயர்ப்போடு, புறப்படும் முன்பே தயாராக இருக்கட்டும்.

அறை அழகாக இருக்கிறது என்று தீம் ஹவுஸில் சேர்வது

தீம் ஹவுஸ் என்பது ஒரே ஆர்வமுள்ள மாணவர்கள் சேர்ந்து தங்கும் விடுதி; அறையோடு ஒரு பாடத்திட்டமும் ஒட்டிவரும். 1927இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கல்வியாளர் அலெக்சாண்டர் மைக்கல்ஜான் தொடங்கி நடத்திய எக்ஸ்பெரிமென்டல் காலேஜ் என்ற சோதனைக் கல்லூரியில் மாணவர்கள் ஆடம்ஸ் ஹால் விடுதியில் தங்கி, அந்தக் கட்டடத்திலேயே ஆசிரியர்களோடு படித்தார்கள். அது 1932இல் மூடப்பட்டது, ஆனால் தங்குவதும் படிப்பதும் ஒரே கூரையின் கீழ் என்ற யோசனை இன்றைய தீம் ஹவுஸ்களில் தொடர்கிறது. வாராந்திரக் கூட்டம், சேர்ந்து எடுக்க வேண்டிய பாடம், வீட்டு வேலையில் பங்கு என்று ஏதாவது இருக்கும். வராதவருக்கு அடுத்த ஆண்டு இடம் கிடைக்காமல் போகலாம். புதுக் கட்டடம், பெரிய ஜன்னல் என்று வந்தவர்கள்தான் முதலில் முணுமுணுக்கிறார்கள்.

"ஸ்பெஷல் அறை வேண்டும்" என்று மட்டும் எழுதுவது

உடல் குறைபாட்டுக்கு ஏற்ற அறை கேட்பவர்கள் இப்படி எழுதினாலும், குறைபாட்டின் பெயரை மட்டும் எழுதினாலும் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. என்ன தேவை என்று எழுதுங்கள். சக்கர நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப ஏறத்தாழ 1.5 மீட்டர் இடம் வேண்டும். குளியலறையில் வாசற்படி கூடாது. காது கேளாதவருக்கு மின்னி எச்சரிக்கும் தீ அலாரமும் தூங்கும்போது படுக்கையை அதிரவைக்கும் கருவியும் தேவைப்படலாம். இவற்றைப் பொருத்த நாளாகும். பல இடங்களில் இந்தக் கோரிக்கை வேறு அலுவலகத்துக்கு, வேறு படிவத்தில் போக வேண்டும். பொது விண்ணப்பத்தின் குறிப்புப் பெட்டியில் எழுதியது அங்கே போய்ச் சேராது. அறையை மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டாதீர்கள். துணி துவைக்கும் இடத்துக்குப் படி இருக்கிறதா, லிஃப்ட் நின்றால் வேறு வழி உண்டா என்றும் பாருங்கள்.

செல்லப்பிராணி

அனுமதி எழுத்தில் வரும்வரை கூட்டிவராதீர்கள்.

விடுமுறை

கட்டடத்தையே பூட்டுகிறார்களா என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அமைதித் தளம்

அமைதி காக்க வேண்டியவர் பட்டியலில் நீங்களும் உண்டு. நள்ளிரவில் வீட்டுக்கு வீடியோ கால் பேசுபவர் வேறு தளம் கேட்பது நல்லது.