வேலூர்ல இருந்து சோம்நாத்துக்கு கார்ல, நடுவுல கப்பல்: நாங்க பண்ணின தப்பு நீங்க பண்ணாதீங்க

ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு எங்க ஊரை கிண்டல் பண்ணுவாங்க இல்ல, அந்த ஊர்க்காரன் நான். பாலாத்துல வெள்ளம் வந்தா வேலைக்கு லீவு போட்டுட்டு பாலத்து மேல நின்னு வேடிக்கை பாக்கிற ஜனங்களுக்கு கடல் கணக்கு எங்க தெரியப்போவுது. அதனாலதான் 1,500 கிமீ ரோட்டுக்கு டயர்ல இருந்து புளிசோறு வரைக்கும் யோசிக்கிறவங்க, நடுவுல வர்ற நாலு மணி நேர கப்பலை மட்டும் அங்க போய் பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க. நாங்களும் அப்படித்தான் போனோம்.

வாலாஜாவுல என் ஃப்ரெண்டு ஒருத்தன், சௌராஷ்டிரா குடும்பம், குஜராத்ல சோம்நாத் இருக்கிற அந்த பூர்வீக மண்ணை ஒருவாட்டி மிதிக்கணும்னு சொல்லிக்கினே இருந்தான். ரூட் ரொம்ப சிம்பிள். சத்துவாச்சாரி வழியா போவுதே என்எச் 48, அதே ரோடுதான் பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே, மும்பை பக்கமா போய் சூரத் வரைக்கும் போவுது. சூரத் பக்கத்துல ஹஜிரா, அங்க காரோட கப்பல் ஏறினா எதிர்கரையில கோகா, அங்கிருந்து பாவ்நகர் கிட்டதான். 2020 நவம்பர்ல ஆரம்பிச்ச சர்வீஸ் இது. ரோட்ல நடுவுல இருக்கிற காம்பே வளைகுடாவ சுத்திக்கினு போனா 370 கிமீ, கடல்ல வெறும் 90.

மொதல்ல எந்த கப்பல்னு தெளிவா பாருங்க. கோகாவுக்கு 2017ல தஹேஜ்ல இருந்துதான் கப்பல் விட்டாங்க, அங்க வண்டல் சேந்து ஆழம் பத்தலன்னு 2019ல நின்னுபோச்சு, ஆனா அந்த பழைய வீடியோங்க இன்னும் யூட்யூப்ல சுத்துது, அத பாத்துட்டு தஹேஜுக்கு வண்டிய விட்டீங்கன்னா கரைல நின்னு காத்து வாங்கலாம் அவ்ளோதான். அதே மாதிரி நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு 2023ல கப்பல் ஆரம்பிச்சதும் எங்க தெருவுலயே ரெண்டு பேரு கார் எடுத்துக்கினு யாழ்ப்பாணம் போலாமான்னு கேட்டாங்க. அது ஆளுங்களுக்கு மட்டும், கார் ஏறாது, பாஸ்போர்ட்டும் வேணும்.

இப்ப பெரிய தப்புக்கு வரேன். எல்லாரும் வீட்ல இருந்து முன்னாடி கணக்கு போடறாங்க, காலைல நாலு மணிக்கு கிளம்புனா இத்தனை மணிக்கு அங்கன்னு. கப்பல்ல இருந்து பின்னாடி எண்ணிக்கினு வரணும். காலைல கப்பல்னா முந்தின ராத்திரி சூரத்ல தூங்கணும், அதுக்கு முந்தின ராத்திரி புனே, அதுக்கும் முந்தி ஹூப்ளி. அப்பதான் ஒரு நாளைக்கு நானூத்தி சொச்சத்துல இருந்து அறநூத்தி சொச்சம் கிமீ வருது, ரெண்டு பேரு மாத்தி ஓட்டினா தாங்கும். நாங்க என்ன பண்ணோம், புனேல இருந்து நேரா கப்பலுக்குன்னு நடுராத்திரி கிளம்பினோம், மேப்புல மூணு மணி நேரம் மிச்சம் காட்டுச்சு, தானே தாண்டி கோட்பந்தர் ரோட்ல லாரிங்க நடுவுல மாட்டி அந்த மூணு மணி நேரமும் அங்கயே கரைஞ்சிபோச்சு. விமானம் மாதிரிதான், கிளம்பறதுக்கு முன்னாடியே வண்டி ஏத்தறத நிறுத்திடுவாங்க. கப்பல் கண் முன்னாடி நிக்குது, நாங்க கேட்டுக்கு வெளில. தப்பு எங்களுது, யாரையும் திட்ட முடியல. எந்த 370 கிமீ வேணாம்னு வந்தோமோ அத ஓட்டிக்கினுதான் போனோம். திரும்பி வரும்போதுதான் கப்பல் ஏறினோம்.

சீசன் இன்னொரு தப்பு, இது நம்ம பக்கத்து ஆளுங்க மட்டும் பண்றது. நமக்கு மழைன்னா ஐப்பசி கார்த்திகை, அதனால ஆனி ஆடில கிளம்பினா சேஃப்னு மனசுல பதிஞ்சிருக்கு. அரபிக்கடலுக்கு அதுதான் முழு மழைக்காலம். அதுக்கு முன்னாடி பின்னாடியும் புயல் வரும், 2021 மே மாசம் டவ்தே சௌராஷ்டிரா கரையிலதான் ஏறுச்சு, 2023 ஜூன்ல பிபர்ஜாய் கட்ச்ல ஏறுச்சு. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் போங்க, வெயிலும் இருக்காது.

அப்பறம் காம்பே வளைகுடாவுல கடல் ஏறி இறங்குறது நம்ம மெரினா மாதிரி கிடையாது. மெரினால ஒரு மீட்டர் கிட்ட, அங்க 10 மீட்டருக்கு மேல போவும், மூணு மாடி உயரம், அமாவாசை பௌர்ணமி ஒட்டி இன்னும் ஜாஸ்தி. அதனால டைமிங் மாறலாம். டிக்கெட் எடுத்த அன்னைக்கு பாத்த டைம நம்பிக்கினு இருக்காம முந்தின நாள் திரும்ப செக் பண்ணுங்க. டிக்கெட் போடும்போது வண்டி சைஸ சரியா போடுங்க, மேல கேரியர் வச்சிருந்தா அந்த உயரத்தையும் சொல்லிடுங்க.

கப்பல்ல வண்டிய விட்டதும் ஹேண்ட்பிரேக் போட்டு கியர்லயும் விடுங்க. கீழ வண்டிலயே தூங்கிக்கினு வரலாம்னு நினைக்காதீங்க, மேல அனுப்பிடுவாங்க, அதனால தண்ணி, மாத்திரை, குழந்தைக்கு துணி எல்லாம் தனி பைல எடுத்துக்கினு ஏறுங்க. எங்க வண்டி அலாரம் ஆஃப் பண்ணாம விட்டோம், கப்பல் அதிர்ற அதிர்வுக்கு வழி பூரா கத்தியிருக்கு, இறங்கும்போது பக்கத்து வண்டிக்காரர் பாத்த பார்வை இருக்கே. வாந்தி வர்ற ஆளுங்க டாக்டர்ட்ட கேட்டு மாத்திரைய ஏறறதுக்கு முன்னாடியே போட்டுக்கணும், தலை சுத்தின அப்பறம் போட்டு புண்ணியமில்ல. சின்ன கேஸ் சிலிண்டர், கேன்ல டீசல் இதெல்லாம் வீட்லயே வச்சிடுங்க.

முக்கியமா ஒண்ணு, குஜராத்ல மதுவிலக்கு. வழில வாங்கினது ஒரு பாட்டில் டிக்கில கிடந்தாலும் கேஸ், வண்டியும் மாட்டும். டையூவுல கிடைக்கும், அது குஜராத்ல சேராது, தாத்ரா நகர் ஹவேலி டாமன் டையூன்ற யூனியன் பிரதேசத்துல வருது, ஆனா அங்க வாங்கினத எல்லை தாண்டி கொண்டாரக்கூடாது.

கோகால இறங்கினதும் சோம்நாத் வந்துட்ட மாதிரி ஒரு தெம்பு வரும், நம்பாதீங்க, இன்னும் 270 கிமீ கிட்ட இருக்கு. அன்னைக்கு பாவ்நகர்ல தங்கிடுங்க. நாங்க தங்கின ராத்திரி டீக்கடைல நம்ம வாலாஜா ஆளு வீட்ல பேசற சௌராஷ்டிராவ பெருமையா எடுத்து விட்டான், கடைக்காரர் பாதி புரிஞ்சி பாதி புரியாம சிரிச்சிட்டு ரெண்டு டீ கேட்டதுக்கு நாலு டீ குடுத்தாரு.