மலை மழையில் ஒரு த்ரில்லர்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் அந்த அடைமழை. வெளியே தலைகாட்ட முடியாத நாளில் உளவியல் த்ரில்லர் ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் முடிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். முடித்ததும், "கடைசியில என்னதான் ஆச்சு?" என்று கேட்பவர்களும் அவர்களே. குறை பெரும்பாலும் புத்தகத்தில் இல்லை, படித்த விதத்தில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, 'நான்' என்று கதை சொல்பவரை அப்படியே நம்பிவிடுவது. துப்பறியும் கதையில் கேள்வி 'யார் செய்தது?' என்பது. உளவியல் த்ரில்லரிலோ, சொல்பவரின் மனம் எதை மறைக்கிறது என்பதே கதை. இப்படிப்பட்டவருக்கு 'நம்பத்தகாத கதைசொல்லி' என்ற பெயரை 1961இல் வைத்தவர் வேய்ன் பூத் என்ற அமெரிக்கத் திறனாய்வாளர். இவர்கள் நேரடியாகப் பொய் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதே அதிகம். "கதவைத் தாழிட்டுப் படுத்தேன். விடிந்தபோது காலெல்லாம் சேறு." இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் ஓர் இரவு முழுக்கக் காணாமல் போயிருக்கிறது. வேகமாக ஓடும் கண்ணுக்கு அது தட்டுப்படாது. தூக்க மாத்திரை, குடி, "சரியா ஞாபகம் இல்ல" என்ற பேச்சு வரும் இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். ஒரே சம்பவம் இரண்டாம் முறை சொல்லப்பட்டால் இன்னும் நிதானம் வேண்டும். முதலில் நீலமாக இருந்த சால்வை பிறகு சாம்பல் நிறமாகிறதா? அச்சுப்பிழை என்று தள்ளிவிடாமல் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிக்க நோட்டுப் புத்தகம் வேண்டாம். ஒரு துண்டுச் சீட்டு போதும், பக்க அடையாளத்துக்கும் அதுவே ஆகும். அத்தியாய எண், பேசுவது யார், எந்த நாள் என மூன்று நெடுவரிசைகள். அத்தியாயத்துக்கு ஒரு வரி. 'மூன்று நாட்களுக்கு முன்' என்று அத்தியாயத் தலைப்பில் போட்டிருப்பதைப் படிக்காமல் தாண்டுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. இரண்டு காலங்களில் மாறி மாறிப் போகும் நாவலில் இந்தச் சீட்டு இல்லாமல் நூறாவது பக்கத்தைத் தாண்டுவது கஷ்டம்.

வர்ணனையைத் தாண்டி உரையாடலுக்குப் போவது அடுத்த தவறு. மேசையில் தேயிலை டப்பா, வர்க்கிப் பொட்டலம், துருப்பிடித்த சாவி, மின்கட்டண ரசீது, குடை என்று ஒரு வரி வருகிறது என்று வையுங்கள். பட்டியலில் முதலும் கடைசியும் மனதில் தங்கும், நடுவில் இருப்பது நழுவும். அதனால்தான் சாவி நடுவில் கிடக்கிறது.

எங்கே நிறுத்துவது என்பதிலும் தவறு நடக்கிறது. அத்தியாய முடிவு இழுத்துப்போகவே எழுதப்படுவது. அங்கே மூட நினைத்தால் மூட முடியாது, 'இன்னும் ஒன்று' என்று இரவு இரண்டு மணியாகிவிடும். அடுத்த அத்தியாயத்தில் இரண்டு மூன்று பத்தி படித்து, பரபரப்பு கொஞ்சம் தணிந்ததும் மூடுங்கள். 300 பக்க நாவலுக்குப் பக்கத்துக்கு 2 நிமிடம் என்றால் 10 மணி நேரம். மூன்று நான்கு அமர்வாகப் பிரித்து, கடைசி 75 பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரே அமர்வுக்கு வையுங்கள். முடிச்சு முழுக்க அவிழ்வது அங்கேதான். அதை அரைத்தூக்கத்தில் படிப்பது புத்தகத்தையே வீணடிப்பது.

மலைப்பாதைப் பேருந்தில் படிக்க வேண்டாம். கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, உள்காதோ ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவையும் உணர்கிறது. இந்த முரண்தான் குமட்டலாக வருகிறது. மலை ரயில் பரவாயில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்ளும் நிதானமான வண்டி. சுரங்கங்களில் மட்டும் புத்தகத்தைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். ஒலிநூல் கேட்டால் குமட்டல் குறையும், ஆனால் சந்தேகம் வந்த இடத்துக்குப் பின்னால் புரட்டிப் போவது சிரமம். இந்த வகை நாவலுக்கு அது பெரிய இழப்பு.

பின்னட்டையையும் விமர்சனங்களையும் முடித்தபிறகு படியுங்கள். 'பெரிய திருப்பம் இருக்கிறது' என்ற ஒற்றைத் தகவலே போதும், வரிக்கு வரி அதைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

முடித்த கையோடு முதல் அத்தியாயத்தை மறுபடி படியுங்கள், கால் மணி நேரம்தான். சொல்லாமல் விட்டது எது என்று இப்போது தெளிவாகத் தெரியும். கிளை நூலகத்துப் பிரதி என்றால் தடயம் இருக்கும் வரியைப் பென்சிலால்கூட அடிக்கோடிடாதீர்கள். அடுத்து எடுப்பவருக்கு முடிவையே சொன்னதாகிவிடும். திருப்பிக் கொடுக்கும் முன் அந்தத் துண்டுச் சீட்டையும் மறக்காமல் உருவிக்கொள்ளுங்கள்.