தாய் வீட்டுக்குப் போகும்போது அட்டையும் போகட்டும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் கர்ப்பிணிக்குப் பக்கத்தில் உதவி இல்லை என்று இப்போது பெரும்பாலும் சொல்ல முடியாது. நர்சம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், வீட்டு வாசலுக்கே வருகிறார். 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வருகிறது. அப்படியும் சிக்கல் வருகிறதென்றால், பல இடங்களில் நாம் நாளைத் தள்ளிப்போட்டதுதான் காரணமாக இருக்கும்.

'மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்' என்பதிலிருந்தே அது தொடங்குகிறது. கண் பட்டுவிடும் என்ற பயம். சரி, ஊருக்குச் சொல்ல வேண்டாம். நர்சம்மாவிடம் சொன்னால் என்ன? குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே அந்த மாத்திரையைத் தொடங்குவது நல்லது. மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால் இந்த வேலைக்கு அது உதவாது. பதிவையும் 12 வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கிறது. அதற்கும், பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும், கர்ப்பத்தைப் பதியும்போது தரும் 'பிக்மி' எண்ணைக் கேட்பார்கள். பதியப் போகும்போது கடைசி மாதவிலக்குத் தேதியைக் குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள். பிரசவத் தேதியைக் கணக்கிடுவது அதை வைத்துத்தான்.

அடுத்து, பீரோவில் தூங்கும் இரும்புச்சத்து மாத்திரை. சாப்பிட்டால் குழந்தை கறுத்துவிடும் என்று ஒரு பேச்சு, குழந்தை பெருத்து ஆபரேஷனில் கொண்டுபோய் விடும் என்று இன்னொரு பேச்சு. இரண்டும் உண்மையில்லை. கறுப்பது மலம் மட்டும்தான், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையானது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு, பிரசவத்தில் போகும் ரத்தத்தைத் தாங்காது. நான்காம் மாதத்திலிருந்து குறைந்தது 180 நாள், தினம் ஒரு மாத்திரை. குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். டீ, காபியோடு வேண்டாம். கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடக் கூடாது, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட இருந்தால் சத்து நன்றாக உடம்பில் சேரும். குங்குமப்பூவுக்குச் செலவழிக்கிற காசில் முட்டை வாங்கலாம் என்பது என் கட்சி.

பலர் தவறென்றே நினைக்காத ஒன்று இருக்கிறது. தலைச்சன் பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் ஏழிலோ ஒன்பதிலோ பெண்ணை அழைத்துப் போய்விடுகிறோம். நல்ல வழக்கம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தம் பெரும்பாலும் தலைகாட்டுவது அந்தக் கடைசி மாதங்களில்தான். புகுந்த ஊர் நர்சம்மா 'அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா' என்று விட்டுவிடுவார், பிறந்த ஊர் நர்சம்மாவுக்கு அவள் வந்ததே தெரியாது. நடுவில் ஒரு மாதம் பிரஷர் பார்க்க ஆளில்லை. பிறகு ஒரு நள்ளிரவில் வலியோடு போய் நிற்கும்போது பரிசோதனை விவரமெல்லாம் எழுதிய கர்ப்பிணி அட்டை மட்டும் மாமியார் வீட்டு அலமாரியில் கிடக்கும். ரத்த வகை, சர்க்கரை, ஸ்கேனில் நஞ்சுக்கொடி எங்கே இருந்தது என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டும்.

கிளம்பும் முன்பே இரண்டு நர்சம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்து வையுங்கள். முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை, பிரஷர், நஞ்சுக்கொடி இறங்கியிருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எப்படியும் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார்கள். ஆபரேஷன் வசதியும் ரத்தமும் உள்ள 'சீமாங்' மையம் பிறந்த வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், மேல்வயிற்று வலி வந்தால் பித்தம் என்று சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்து உட்கார வைப்பார்கள். அது வலிப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். குழந்தை அசைவு குறைந்தாலும், ரத்தம் பட்டாலும் அப்படித்தான். பனிக்குடம் உடைந்த பிறகு 'வலி வரட்டும்' என்று காத்திருக்கக் கூடாது.

மலையூர்களில் நிலைமை வேறு, வண்டி வர நேரமாகும். அங்கே சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை இருக்கிறது. தேதிக்குச் சில நாள் முன்பே போய்த் தங்கலாம். ஆட்டையும் மூத்த பிள்ளையையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு வீட்டார் முன்கூட்டியே பதில் தேடினால்தான் அவளால் கிளம்ப முடியும்.

குழந்தை பிறந்த மறுநாளே ஆஸ்பத்திரியில் பேர் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வரத் துடிப்பவர்களும் உண்டு. ரத்தப்போக்கு ஆபத்து அதிகம் இருப்பது முதல் 24 மணி நேரத்தில், வலிப்போ சில நாள் கழித்தும் வரலாம். சுகப்பிரசவமானாலும் 48 மணி நேரம் அங்கேயே இருங்கள். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விட 102 வண்டி இலவசம். வீட்டுக்கு வந்ததும் 'பச்சை உடம்பு' என்று தண்ணீரை அளந்து கொடுக்காதீர்கள். பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம், கேட்கிற அளவு கொடுங்கள்.