10 மீட்டர் ஏர் பிஸ்டல்: முதல் 60 குண்டுக்குத் தயாராவது எப்படி?

டிவியில் பார்த்தால் ரொம்பச் சுலபமாகத் தெரியும் ஆட்டம் இது. ஒருவர் கையை நீட்டுகிறார், சில விநாடி நிற்கிறார், சுடுகிறார், கையை இறக்குகிறார். ஓட்டமில்லை, வியர்வையில்லை. ஆனால் ஒரு கிலோ சொச்ச எடையை ஒற்றைக் கையில் நீட்டி, அசையாமல் நின்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ஆண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 1988 சியோல் ஒலிம்பிக்கில் அறிமுகமானது. அதை முதல்முறை கையில் எடுப்பவருக்காக இந்த வழிமுறை.

படி 1: பாதுகாப்பு

இது மட்டும் முதல் நாளே பழகிவிட வேண்டும். குழல் எப்போதும் இலக்கு இருக்கும் திசையிலேயே இருக்கட்டும். சுடப்போகும் நேரம் வரை விரல் ட்ரிகரில் படக்கூடாது. அதிகாரி 'லோட்' சொன்ன பிறகுதான் பெல்லட் (குண்டு) போட வேண்டும், 'ஸ்டாப்' என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பிஸ்டலைக் கீழே வைக்கும்போது, பளிச்சென்ற நிறத்தில் இருக்கும் சேஃப்டி ஃப்ளாகைக் குழலுக்குள் செருகி வையுங்கள். அது வெளியே தெரிந்தால் உள்ளே குண்டில்லை என்று பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியும்.

படி 2: கருவியும் இலக்கும்

குண்டின் விட்டம் 4.5 மி.மீ. அதன் முன்பக்கம் தட்டையாக இருக்கும். அப்போதுதான் அட்டையில் ஓட்டை கிழியாமல் வட்டமாக விழும். பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். இதை ட்ரிகரில் எடைக்கல்லைத் தொங்கவிட்டே சோதிப்பார்கள். கணுக்காலை மூடும் உயரமான ஷூ கூடாது, மணிக்கட்டுக்குப் பட்டையும் கூடாது.

இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 11.5 மி.மீ. குண்டு ஒரு வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே அந்த வட்டத்தின் புள்ளி கிடைக்கும். ஆகவே குண்டின் நடுப்புள்ளி மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் 10. அதற்கு மேல் விலகும் ஒவ்வொரு 8 மி.மீ.க்கும் ஒரு புள்ளி போகும். இந்த எட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் கழித்துத் தேவைப்படும்.

படி 3: நிற்பது

வலது கைக்காரர் என்றால் வலது தோள் இலக்கைப் பார்க்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். கால்களுக்கு இடையே தோள் அகலம். இடது கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகிவிடுங்கள், சும்மா தொங்கினால் உடலையும் சேர்த்து ஆட்டும்.

இப்போது கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தால் பிஸ்டல் எங்கே பார்க்கிறது? இலக்குக்குப் பக்கத்தில் வேறெங்கோ என்றால் கையை இழுத்துச் சரிசெய்யாதீர்கள். பின்காலைச் சற்று நகர்த்தி உடம்பையே திருப்புங்கள். கையால் இழுத்துச் சரிசெய்த குறி, சுடும் நொடியில் பழைய இடத்துக்கே ஓடிவிடும். தானாக நேரே வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

படி 4: கண்ணை எங்கே வைப்பது?

புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். நானும் முதல் சில வாரங்கள் கறுப்பு வட்டத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். குண்டுகள் அட்டை முழுக்கச் சிதறின, ஏனென்றே புரியவில்லை.

குழலின் நுனியில் நிற்கும் கட்டைதான் ஃப்ரன்ட் சைட். பின்னால், பள்ளம் வெட்டியிருக்கும் தகடு ரியர் சைட். பள்ளத்தின் நடுவே கட்டை நிற்க வேண்டும். இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில், கட்டையின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கண் ஃப்ரன்ட் சைட்டில் கூர்மையாக இருக்கட்டும். இலக்கு மங்கலாகத் தெரியும், தெரியட்டும்.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 35 செ.மீ. இருக்கிறது. இலக்கோ 10 மீட்டரில். ஃப்ரன்ட் சைட் பள்ளத்துக்குள் 1 மி.மீ. ஒதுங்கினால், குண்டு இலக்கில் ஏறக்குறைய 28 மி.மீ. தள்ளிப் போகும். மேலே சொன்ன எட்டின்படி அது 7 புள்ளி. ஆனால் சைட்டுகள் நேராகவே இருக்க, பிஸ்டல் மொத்தமும் 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 5 மி.மீ.தான் நகரும், அப்போதும் 10. கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு, சைட் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறி வைக்கும் இடம் வட்டத்தின் நடுவும் அல்ல, கறுப்புக்குக் கீழே உள்ள வெள்ளைப் பகுதி. கறுப்புக் கட்டையைக் கறுப்பு வட்டத்தின் மேல் வைத்தால் விளிம்பு தெரியாது. வெள்ளையில் குறி வைத்தாலும் குண்டு நடுவில் விழும்படி ரியர் சைட்டை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

படி 5: ட்ரிகர்

குறி அசையாமல் நிற்கும் ஒரு நொடியைப் பிடித்துப் 'பட்'டென்று அழுத்தத் தோன்றும். அப்படிப் பிடித்த நொடிதான் 7க்கும் 6க்கும் போகும். ஆட்டத்தோடு ஆட்டமாக, விரலை நேர் பின்னோக்கி, நிதானமாக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். குண்டு எப்போது போகும் என்று உங்களுக்கே திட்டமாகத் தெரியாமலிருப்பது நல்லது. போன பிறகும் ஓரிரு விநாடி அதே நிலையில் நின்று ஃப்ரன்ட் சைட்டைப் பாருங்கள்.

எட்டுப் பத்து விநாடியில் குண்டு போகவில்லையா? கையை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, பெரிய வீரர்களும் இறக்குவார்கள்.

படி 6: குண்டில்லாமல் பயிற்சி

வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து, ட்ரை ஃபயர் (சுடாமல் ட்ரிகர் மட்டும் இயங்கும்) வசதியைப் போட்டு, பெல்லட் இல்லாமல் அழுத்திப் பழகுங்கள். இலக்கே இல்லாததால் கண்ணுக்கு ஃப்ரன்ட் சைட்டை விட்டால் வேறு வழியில்லை. ட்ரிகர் விடுபடும் கணத்தில் கட்டை துள்ளினால் உடனே தெரிந்துவிடும். சுட்டுப் பழகுவதைவிட இதற்கு அதிக நேரம் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

படி 7: முழு ஆட்டம்

தயாராகவும் சோதனைக் குண்டு சுடவும் 15 நிமிடம். அப்புறம் எலெக்ட்ரானிக் இலக்கில் 60 குண்டுக்கு 75 நிமிடம். குண்டுக்கு ஒன்றே கால் நிமிடம் கிடைப்பதால் அவசரமே வேண்டாம். அதிகபட்சம் 600. தென் கொரியாவின் ஜின் ஜொங்-ஓ 2009இல் சாங்வோனில் 594 எடுத்தார். புதியவருக்கு 500ஐத் தாண்டுவதே நல்ல முதல் இலக்கு.

பெரிய போட்டிகளில் இந்த 60 குண்டுதான் தகுதிச் சுற்று. அதில் முதல் எட்டுப் பேர் இறுதிக்குப் போவார்கள். அங்கே எல்லாரும் பூஜ்யத்திலிருந்து தொடங்க, தசமத்தில் புள்ளி, ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. பாரிஸ் 2024இல் சீனாவின் சியே யூ 24 குண்டில் 240.9 எடுத்துத் தங்கம் வென்றார்.

தகுதிச் சுற்றில் புள்ளி சமமானால், 10 வட்டத்துக்கு உள்ளே 5 மி.மீ. விட்டத்தில் இருக்கும் இன்னர் டென்னை யார் அதிகம் தொட்டார் என்று பார்ப்பார்கள். அதே பாரிஸ் தகுதிச் சுற்றில் இந்தியாவின் சரப்ஜோத் சிங்கும் ஜெர்மனியின் ராபின் வால்டரும் ஆளுக்கு 577. வால்டருக்கு இன்னர் டென் 17, சரப்ஜோத்துக்கு 16. வால்டர் எட்டாவது, சரப்ஜோத் ஒன்பதாவது. அதனால் பயிற்சி நோட்டில் மொத்தப் புள்ளிக்குப் பக்கத்திலேயே இன்னர் டென் எண்ணிக்கைக்கும் முதல் நாளிலிருந்தே ஒரு கட்டம் போட்டு வையுங்கள்.