கடிதத்தில் இல்லாத மின்னூல்

என் முதல் நாவலை வெளியிட்டது சென்னையில் காதல், குடும்ப நாவல்கள் மட்டுமே போடும் ஒரு சிறிய பதிப்பகம். மெய்ப்புப் பார்ப்பதில் குறையே சொல்ல முடியாது; விட்டுப்போன ஒற்றுகளைக்கூடச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார்கள். அந்த மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தை நான் கவனிக்கவில்லை. ஒரு பக்கக் கடிதம்தான்: “நாவலை அச்சு நூலாக வெளியிடச் சம்மதிக்கிறேன்.” கீழே என் கையெழுத்து. காலக்கெடு இல்லை, ராயல்டி இல்லை.

8 மாதம் கழித்து அதே நாவல் மின்னூலாக விற்பனைக்கு வந்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனம் கொதித்துப்போனது.

தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவைப் படிக்கச் சொன்னார். உரிமையை எழுதித்தான் கொடுக்க வேண்டும். எந்தெந்த உரிமை என்பதும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். என் கடிதத்தில் மின்னூல் என்ற சொல்லே இல்லையே!

மின்னூலை நீக்கச் சொல்லிப் பதிப்பகத்துக்கு எழுதி, பழைய கடிதத்தின் நகலை இணைத்து, ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்பினேன். நான்காம் நாள் பதிப்பாளரே அழைத்தார்.

“எல்லோருக்கும் இப்படித்தானேம்மா செய்கிறோம்?”

“எனக்கு வேண்டாம் சார்.”

மின்னூலை நீக்கினார். புது ஒப்பந்தமும் போட்டோம்: அச்சுரிமை மட்டும், 3 ஆண்டு, 10 விழுக்காடு ராயல்டி, 6 மாதத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு. இரண்டாவது நாவலையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன். அட்டைப்படத்தை என்னிடம் காட்டிய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்ற வரியும் இந்த முறை இருக்கிறது.